அலியா டைசனா? ரெஃபரி யாரென்று முதலில் சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் என்னிடம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வரும் பையன்களில் ஒருவன் கேட்ட கேள்வி இது: "மாஸ்டர், 1967 மார்ச்சில் இருந்த முகமது அலியையும் 1988 ஜூனில் இருந்த மைக் டைசனையும் ஒரே ரிங்கில் விட்டா யார் ஜெயிப்பாங்க? ஆஸ்டின் டவுன் பசங்க டைசன் ரெண்டே ரவுண்டில் முடிச்சிடுவார்ங்கிறாங்க. நாங்க அலி பக்கம். ஒரு மாசமா சண்டை ஓயல."

தம்பி, மாதமும் வருஷமும் சேர்த்துக் கேட்டாயே, அதற்கே உன்னைப் பாராட்டணும். ராணுவத்தின் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) மைதானத்துக்கு வரும் ரிட்டயர்டு ஆட்கள் முதல் வடசென்னையில் சார்பட்டா பரம்பரையா இடியப்ப நாயக்கர் பரம்பரையா என்று இன்னமும் மல்லுக்கட்டும் பெரியவர்கள் வரை, எந்த வயதுக்காரனை எந்த வயதுக்காரனோடு மோதவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வாதம் பண்ணுகிறவர் குறைவு. நீ தேர்ந்தெடுத்த நாட்களும் சரியானவைதான். 1967 மார்ச் 22 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோரா ஃபோலியை ஏழாவது ரவுண்டில் படுக்கவைத்தபோது அலிக்கு வயது 25. இருபத்தொன்பது சண்டை, இருபத்தொன்பது வெற்றி. அடுத்த மாதமே ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டமும் போச்சு, மூன்றரை வருஷமும் போச்சு. டைசன் 1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். அவருக்கு 22 வயது நிரம்ப மூன்று நாள் பாக்கி. முப்பத்தைந்தில் முப்பத்தைந்து வெற்றி. கார்னரில் அப்போது பயிற்சியாளர் கெவின் ரூனி இருந்தார், அது முக்கியம்.

முதலில் குப்பையை ஒதுக்கிவிடுவோம். ஆஸ்டின் டவுன்காரர்கள் லாரி ஹோம்ஸ் கணக்கை எடுத்துப் போட்டிருப்பார்கள். 1980 அக்டோபரில் ஹோம்ஸ் அலியை அடித்து உட்காரவைத்தார். அந்த ஹோம்ஸை டைசன் 1988 ஜனவரியில் நாலாவது ரவுண்டில் சாய்த்தார். ஆகவே டைசன் பெரியவர் என்பது அவர்கள் கணக்கு. ட்ரெவர் பெர்பிக்கும் அதே மாதிரி. அலியின் கடைசிச் சண்டையில், 1981 டிசம்பரில் பஹாமாஸில் அவரை ஜெயித்தவர் பெர்பிக். 1986 நவம்பரில் அதே பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தித்தான் டைசன் 20 வயதில் உலக சாம்பியன் ஆனார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹோம்ஸ் அடித்தது 38 வயது அலியை. டைசன் அடித்ததும் 38 வயது ஹோம்ஸைத்தான், அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ரிங்கில் இறங்காமல் இருந்த ஹோம்ஸை. இரண்டு சண்டையிலும் தோற்றது வயசு.

உங்கள் பக்கத்துக் குப்பையும் ஒன்று உண்டு: டோக்கியோ. 1990 பிப்ரவரியில் பஸ்டர் டக்ளஸ் நீளக் கையால் ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் வேகக் குத்து) போட்டே டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தினார், அலி இதை இன்னும் அழகாகச் செய்திருப்பார் என்று நீ சொல்வாய். அந்த டைசன் வேறு ஆள். ரூனியைத் துரத்திவிட்டு, பயிற்சியை அலட்சியப்படுத்திவிட்டு வந்தவர். கண் வீங்கியபோது அழுத்தி வைக்கக் கார்னரில் முறையான இரும்புகூட இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். நம்ம ஊர் ஜில்லா போட்டியில்கூட அப்படிப் போனால் மானம் போகும். ஹோம்ஸை அலி கணக்கில் எழுதக்கூடாது என்றால் டக்ளஸை டைசன் கணக்கில் எழுதுவதும் தப்பு.

கம்ப்யூட்டரைக் கேட்கலாமே என்றும் ஒருவன் சொன்னானாம். அதெல்லாம் உன் அப்பா காலத்துக்கு முன்பே நடந்துவிட்டது. 1969இல் அலிக்குத் தடை இருந்த நேரம், ரிட்டயர் ஆகியிருந்த ராக்கி மார்சியானோவையும் அலியையும் ரிங்கில் விட்டு விதவிதமாகச் சண்டை போடவைத்துப் படம் பிடித்தார்கள். முடிவைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று அறிவிப்பு. 1970 ஜனவரியில் தியேட்டர்களில் காட்டியபோது பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக்-அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார். படம் வெளிவருமுன் மார்சியானோ விமான விபத்தில் இறந்தே போயிருந்தார். யாருக்கு டிக்கெட் விற்க வேண்டுமோ அவருக்கு ஏற்ற பதிலை அந்த மெஷின் கொடுத்திருக்கிறது, வேறென்ன.

சரி, விஷயத்துக்கு வருவோம். அலி 6 அடி 3 அங்குலம், கை நீட்டம் 78 அங்குலம். டைசன் 5 அடி 10, கை நீட்டம் 71. ஏழு அங்குல வித்தியாசம் சும்மா இல்லை. ஆனால் டைசன் ஆயுள் முழுக்கத் தன்னைவிட உயரமானவர்களோடு மோதியவர். அவர் கற்ற பாணியே அதற்காக உண்டானது. அவருடைய குரு கஸ் டமாட்டோ சொல்லிக்கொடுத்த பீக்-அ-பூ: இரண்டு கையும் கன்னத்தோடு, தலை நிற்காமல் இடம் வலம் ஆடிக்கொண்டே உள்ளே நுழைவது, நுழைந்ததும் ஒரு குத்தோடு நிறுத்தாமல் விலாவுக்கு ஒன்று, அங்கிருந்தே தாடைக்கு ஒன்று என்று கோத்துக் கொடுப்பது.

டைசன் கட்சியின் நல்ல வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அலியைத் தரையில் உட்காரவைத்த குத்துகளை எடுத்துப் பார். 1962இல் சானி பேங்க்ஸ், லெஃப்ட் ஹூக். 1963இல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், லெஃப்ட் ஹூக். நாலாவது ரவுண்டு முடியும் நேரம், மணி அடித்ததால் தப்பித்தார். 1971இல் பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃப்ரேசியர், அதே லெஃப்ட் ஹூக். காரணம் இருக்கிறது. அலி கையைத் தொங்கவிட்டு, குத்து வரும்போது உடம்பைப் பின்னால் சாய்த்துத் தப்பிக்கிறவர். நேராக வரும் குத்துக்கு அது போதும். பக்கத்திலிருந்து வளைந்து வரும் ஹூக், சாய்ந்த தலையைத் தேடிக்கொண்டு வரும். நான் உங்களை வலது கையைக் கன்னத்தை விட்டு இறக்காதே என்று கத்துவது இதற்குத்தான். அலி இறக்குவார், அலியாக இருந்ததால் தப்பித்தார். டைசனின் லெஃப்ட் ஹூக் கூப்பருடையதைவிட வேகம், ஃப்ரேசியருடையதைவிட சீக்கிரம் வரும். ஃப்ரேசியர் சூடாவதற்கு மூன்று நாலு ரவுண்டு எடுத்துக்கொள்வார். டைசன் முதல் மணிக்கே சூடாக வருகிறவர்.

இன்னொன்றும் அவர்கள் பக்கம் உண்டு. டைரல் பிக்ஸ், 1984 ஒலிம்பிக் தங்கம், ஆறடி ஐந்து அங்குலம், ஜாப் போட்டுக்கொண்டு நகர்கிற ஆள். 1987 அக்டோபரில் டைசன் அவரை ஏழு ரவுண்டு வைத்து வதைத்து அனுப்பினார். பிங்க்லன் தாமஸின் ஜாப் அந்தக் காலத்தில் பேர்போன ஜாப். சில ரவுண்டு தாக்குப்பிடித்தது, ஆறாவதில் கதை முடிந்தது. உயரமும் ஜாபும் மட்டும் இருந்தால் டைசனைச் சமாளிக்கலாம் என்பது இந்த இரண்டு பேரிடமும் எடுபடவில்லை.

அலி பக்கம்? பீக்-அ-பூ அவருக்குப் புதிதில்லை. டமாட்டோவின் முதல் சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனை 1965 நவம்பரில் பன்னிரண்டாவது ரவுண்டு வரை இழுத்து முடித்தவர் அலி. ஆனால் பேட்டர்சனுக்கு அன்று முதுகில் கோளாறு, எடையும் இருநூறு பவுண்டுக்குக் கீழே; டைசனோ இருநூற்றுப் பதினெட்டுப் பவுண்டு தசை. அந்தச் சண்டையை நான் சாட்சியாக ஏற்கமாட்டேன். நீங்கள் எல்லோரும் போனில் பார்க்கும் 1966 நவம்பர் க்ளீவ்லண்ட் வில்லியம்ஸ் சண்டையும் அப்படித்தான். அலி அதைவிட அழகாக ஆடியதில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் வில்லியம்ஸ் இரண்டு வருஷத்துக்கு முன் போலீஸ்காரர் சுட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அழகுக்குப் பார், அளவுக்குப் பார்க்காதே.

நான் ஏற்கும் சாட்சி ஜார்ஜ் சுவாலோ. 1966 மார்ச்சில் டொரன்டோவில் பதினைந்து ரவுண்டு, விலாவிலும் வயிற்றிலும் இடிக்கிற, எவராலும் கீழே தள்ள முடியாத மனிதரோடு அலி நின்று ஜெயித்தார். வயிற்றடிக்கு அலி நொறுங்க மாட்டார் என்பது அன்றே தெரிந்தது. இந்தப் பக்கம் டைசனின் சண்டைகளில், நாக்-அவுட்டில் முடியாமல் பாயிண்ட்ஸ் வரை போனவற்றைப் பார். பத்தொன்பது பேரை வரிசையாக வீழ்த்திவிட்டு இருபதாவதாக 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ். முடிவு வரை நின்றார். பதினேழு நாள் கழித்து மிட்ச் க்ரீன், நின்றார். 1987 மார்ச்சில் போன்க்ரஷர் ஸ்மித். பன்னிரண்டு ரவுண்டும் நின்றார். அதே ஆகஸ்டில் டோனி டக்கர். முதல் ரவுண்டிலேயே கீழிருந்து மேலே வரும் ஒரு அப்பர்கட்டில் டைசனின் தலையைத் தூக்கிவிட்டு, பன்னிரண்டும் நின்றார். நாலு பேரும் டைசனிடம் தோற்றவர்கள்தான். ஆனால் இவர்களிடம் பிக்ஸிடம் இல்லாதது ஒன்று இருந்தது: பிடித்தார்கள்.

இதைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் வாக்குவாதத்தில் இது வரவே இல்லை. டைசன் உள்ளே நுழைந்துவிட்டார். இப்போது எதிரி என்ன செய்கிறான்? பின்னால் போனால் செத்தான். நின்று குத்தினாலும் செத்தான். முன்னால் வந்து கையைக் கட்டிவிட்டால்? டைசன் அங்கே நின்றுவிடுவார். ஃப்ரேசியர் மாதிரி ஒரு கையை உருவி விலாவில் குத்திக்கொண்டே இருக்க மாட்டார். ரெஃபரி வந்து பிரிக்கட்டும் என்று காத்திருப்பார். பழைய சண்டைகளைப் போட்டுப் பார், திரும்பத் திரும்ப அதையே காண்பாய். பிடி, பிரிப்பு, மறுபடி தூரத்திலிருந்து ஆரம்பம். அந்த ஏழு அங்குலத்தை மறுபடி கடக்க வேண்டும், ஜாபை மறுபடி வாங்க வேண்டும். பத்து முறை நடந்தால் டைசனின் கோத்த குத்துகள் ஒற்றைக் குத்தாகிவிடும். அப்புறம் அவர் ஒரே அடியில் முடிக்கப் பார்ப்பார். அந்த டைசனிடம் ஆபத்து இருக்கிறது, ஆனால் பாதிதான்.

பிடிப்பதில் அலியை மிஞ்சிய ஹெவிவெயிட் கிடையாது. இடது கையை எதிரியின் பிடரியில் வைத்து அழுத்தித் தலையைக் கீழே இழுத்து, தன் உடம்பின் பாரத்தை அவன் மேல் சாய்த்துவிடுவார். ஜல்லிக்கட்டில் திமிலை அணைந்தவன் மாதிரி. காளைக்குப் பலம் எல்லாம் இருக்கும், கொம்பை வீச இடம் இருக்காது. விதிப்படி கழுத்தைப் பிடித்து இழுப்பது தப்பு. ஆனால் தப்பு என்பது ரெஃபரி பார்த்துச் சொன்னால்தான்.

இங்கேதான் உன் கேள்வியில் ஒரு சிக்கல் வருகிறது தம்பி. 1967 அலிக்குக் கால் இருந்தது. ஓடிக் களைக்காத கால். அதனால் அவர் அவ்வளவாகப் பிடிக்கத் தேவைப்படவில்லை. பிடரிப் பிடியைக் கலையாகவே செய்தது தடைக்குப் பிறகு வந்த அலி, கால் கனத்துப்போன அலி. டைசனோடு மோதவிட உங்கள் எல்லோருக்கும் 67 அலிதான் வேண்டும். என்னைக் கேட்டால் நான் 1974 ஜனவரி அலியை அனுப்புவேன்.

1974 ஜனவரி 28, மேடிசன் ஸ்கொயர் கார்டன், அலியும் ஃப்ரேசியரும் இரண்டாம் தடவை. மூன்று சண்டையில் யாரும் பேசாத சண்டை அது. முதலாவதுக்கும் மூன்றாவதான மணிலாவுக்கும் நடுவில் மறைந்துபோனது. ஆனால் அலி–டைசன் எப்படி இருக்கும் என்று நடந்தே பார்த்த சண்டை இருக்கிறது என்றால் அதுதான். குள்ளமான, குனிந்து ஆடி வருகிற, லெஃப்ட் ஹூக்கை நம்பிய ஆள். உலகப் பட்டத்துக்கான சண்டை இல்லை என்பதால் பதினைந்து ரவுண்டு கிடையாது, பன்னிரண்டு. டைசனின் காலத்து அளவு. அலி வந்தார், இரண்டு மூன்று குத்து வேகமாகக் கொடுத்தார், ஃப்ரேசியர் நெருங்கியதும் பிடரியைப் பிடித்தார். இதையே இரவு முழுக்கச் செய்தார். பார்க்க அசிங்கம். மூன்று நடுவர்களும் அலிக்கே எழுதினார்கள். ரெஃபரி டோனி பெரஸ் கழுத்துப் பிடியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போதாததற்கு இரண்டாவது ரவுண்டில் அலி ஃப்ரேசியரை ஆட்டம் காணவைத்த நேரத்தில் மணி அடித்துவிட்டதாக நினைத்து இருவரையும் பிரித்தும் விட்டார். ஆக அவர் இரண்டு பக்கமும் சொதப்பினார்.

ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் இதை மறக்கவில்லை. 1975இல் மணிலாவில் ரெஃபரி யார் என்பதற்கே சண்டை போட்டு, உள்ளூர்க்காரர் கார்லோஸ் படீயாவைக் கொண்டுவந்தார். படீயா, அலி பிடரியில் கை வைக்கும்போதெல்லாம் தட்டிவிட்டார். விளைவு தெரியும்தானே? அலி ஜெயித்தார், ஆனால் பதினாலு ரவுண்டு மரண அடி வாங்கித்தான் ஜெயித்தார். அதே இரண்டு பேர், வேறு ரெஃபரி, முற்றிலும் வேறு சண்டை.

நான் அமெச்சூர் ரெஃபரியாக நின்றவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நம்ம போட்டிகளில் 'பிரேக்' என்றதும் இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் வைத்தே ஆக வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் எச்சரிக்கை, எச்சரிக்கை சேர்ந்தால் வெளியே. புரொஃபஷனலில் அந்தக் கறார் கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். ஸ்மித் டைசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்த சண்டையில் ரெஃபரி மில்ஸ் லேன், ஸ்மித்தின் புள்ளியைக் கழித்தார். இருந்தும் ஸ்மித் விடவில்லை, ஏனென்றால் புள்ளி போனாலும் பல் மிஞ்சும்.

உங்கள் இரண்டு அணியும் விட்ட இன்னொன்று ரவுண்டு கணக்கு. அலியின் 67இல் பட்டச் சண்டை பதினைந்து ரவுண்டு. 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ லாஸ் வேகஸ் சண்டையில் பதினாலாவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்த பிறகு, ஒவ்வொரு அமைப்பாகப் பன்னிரண்டுக்கு இறங்கியது. டைசன் வாழ்நாளில் பதினைந்து ரவுண்டு போனதே இல்லை. பதினைந்து என்று வைத்தால் நான் யோசிக்கவே மாட்டேன், அலி. பத்தாவது ரவுண்டில் ஹோசே ரிபால்டாவை நிறுத்தியவர் டைசன் என்பதால் பிந்திய ரவுண்டில் குத்தே இருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் குத்துக்கும் குத்துக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். அந்த இடைவெளியில் வாழ்ந்தவர் அலி.

இப்போது நீ கேட்ட தேதிப்படியே, 67 அலி, 88 டைசன், பன்னிரண்டு ரவுண்டு. என் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்றால்: முதல் மூன்று ரவுண்டு டைசனுக்கு. அதில் ஒரு தடவை அலி உட்காருவார். லெஃப்ட் ஹூக்தான், பின்னால் சாயும்போது. எழுந்துவிடுவார், எழாத நாள் ஒன்றும் இல்லை. எழுந்ததும் பிடிப்பார், 67இலும் அந்த அளவுக்குத் தெரியும். அவருக்குப் பயம் வருமா என்று கேட்காதே. 1964இல், டைசனைப் போலவே பார்வையாலேயே ஆளைக் கொன்ற சானி லிஸ்டனை எடை பார்க்கும் இடத்தில் கூச்சலிட்டே குழப்பியவர். நாலாவதிலிருந்து டைசன் நேராக வருவார், அலி வட்டமாகப் போவார், பிக்ஸ் மாதிரி கயிறு நோக்கிப் பின்னால் அல்ல. ஆறாவது ஏழாவதில் டைசன் தலையாட்டத்தைக் குறைப்பார். அங்கிருந்து அலியின் ஜாபும் ரைட்டும் எண்ணி எண்ணி விழும். ரெஃபரி பெரஸ் மாதிரி என்றால் அலி எட்டு ரவுண்டு, டைசன் நாலு. படீயா மாதிரி என்றால் ஏழுக்கு ஐந்து, அலி கண் மூடி முகம் வீங்கி. லேன் மாதிரி ஒருவர் ஆரம்பத்திலேயே புள்ளி கழித்து, உட்கார்ந்ததற்கும் ஒரு புள்ளி போனால், சமன் என்று அறிவித்தாலும் நான் நாற்காலியைத் தூக்கி எறிய மாட்டேன்.

பத்துத் தடவை மோதினால்? 67 அலிக்கு ஆறு, டைசனுக்கு நாலு. அந்த நாலில் மூன்று முதல் மூன்று ரவுண்டுக்குள். 74 ஜனவரி அலிக்கு ஏழு. கால் போன ஆளுக்கு ஒன்று கூடுதலா என்று உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அந்த அலி ஃப்ரேசியரின் ஹூக்கை வாங்கி எழுந்தவர், கென் நார்ட்டனிடம் தாடை உடைந்தும் கடைசி மணி வரை நின்றவர், அதே வருஷ அக்டோபரில் ஜைரில் ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளைக் கயிற்றில் சாய்ந்து வாங்கிவிட்டு எட்டாவது ரவுண்டில் அவரையே வீழ்த்தினவர். 67 அலியை அப்படி யாரும் குத்திப் பார்த்ததில்லை. வாங்கினால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது.

1980இல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டாரே, அதை வைத்து அவர் மந்தமான ஆள் என்று ஆஸ்டின் டவுனில் ஒரு பெரியவர் சொன்னாராம். அது ரிட்டயர் ஆனவர் விருந்தாளியாக வந்து போட்ட விளையாட்டு, விட்டுவிடச் சொல். இன்றைய ராட்சச உயரக்காரர்கள் முன் இருவருமே நிற்க முடியாது என்று இன்னொருவன் கேட்டிருக்கிறான். 2024இல் 6 அடி 9 அங்குல டைசன் ஃப்யூரியை இரண்டு தடவை ஜெயித்த உக்ரைன் வீரர் உசிக்கின் உயரம் 6 அடி 3, அலியின் அதே உயரம். அவனை அதைப் பார்த்துவிட்டு வரச் சொல், அப்புறம் பேசலாம்.